வலது பின் சக்கரம்

சாவடிக்கு மேற்கே மலை விலகிக் கொடுத்த சந்தில்
ஆனி ஆடி முழுக்கக் காற்று கேரளத்திலிருந்து வரும்.
வாளையாரில் அதை யாரும் நிறுத்துவதில்லை.
நான் விற்பதும் காற்றுதான்.
முப்பத்தாறு பவுண்டு, நாலு மூலைக்கும்.

கே.எல். எழுபது. கறுப்பு வண்டி.
கதவைச் சாத்தினால் சத்தம் வராது, பெருமூச்சு வரும்.
தேவசிகாமணி இறங்காமலே விரலை நீட்டினார்:
லாடம் போல ஒரு மஞ்சள் விளக்கு,
நடுவில் ஆச்சரியக்குறி.
"கோடி ரூவா குடுத்து வாங்குனது அம்மிணி.
மூணு கடையில காத்தடிச்சாச்சு. அணைய மாட்டேங்குது."

எப்போதிருந்து என்று கேட்டேன்.
"மாசியில இருந்து."
பிறகு, கேட்காமலே,
"பாகம் பிரிச்சதுல இருந்து."

வால்வுக்குப் பக்கத்தில் ஸ்கேனரைப் பிடித்தால்
ரிம்முக்குள் தூங்கும் சென்சார் விழித்துக்கொண்டு
தன் பெயரைச் சொல்லும்.
எட்டு எழுத்து. உலகத்தில் இன்னொன்றுக்கு அது இருக்காது.
இடது முன் சொன்னது; தெரியும் என்றது வண்டி.
வலது முன், இடது பின், அப்படியே.
வலது பின்னும் தெளிவாகத்தான் சொன்னது,
பாட்டரி நன்றாக, காற்று சரியாக.
வண்டிதான் தெரியாது என்றது.
அது வேறொரு பெயருக்காகக் காத்திருந்தது.

நோட்டைப் புரட்டினேன்.
போன புரட்டாசி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.
ஒரே நிறத்தில் இரண்டு வண்டி,
அண்ணன் நாகமாணிக்கத்துடையது, தம்பியுடையது.
எட்டு ரிம்மையும் கழற்றிப் பாலிஷுக்கு அடுக்கியிருந்தோம்.
சாக்பீஸ் அடையாளத்தை மழை கழுவிக்கொண்டு போனது.
பினோய் ஆறைச் சரியாக மாட்டினான்.
மீதி இரண்டை மாட்டியது நான்.

ஐந்து மாதம் விளக்கு எரியவில்லை.
கொழிஞ்சாம்பாறையிலிருந்து சூளைக்குக்
காலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போன வண்டிகள்.
பின்னால் வந்ததன் சக்கரம் சொன்னது
முன்னால் போனதன் காதில் விழுந்திருக்கிறது.
அது போதுமாக இருந்திருக்கிறது.

"தப்பு என்னுதுங்க" என்றேன்.
"உங்க சக்கரம் உங்கண்ணன் வண்டியில ஓடுது.
அவருது இங்க."

இப்போதுதான் இறங்கினார். குனிந்து பார்த்தார்.
அதே டயர், அதே தேய்மானம், பள்ளங்களில் அதே செம்மண்.
"என்ன வித்தியாசம்?"
"காத்துல ஒண்ணுமில்லீங்க. பேருலதான்."
"கெணத்து மோட்டார் வரைக்கும் எழுதிப் பிரிச்சோம்,"
சிரிப்பாரோ என்று நினைத்தேன்,
"இதை விட்டுப்போட்டோம்."

மாற்றிப் பூட்டலாம்; அதற்கு அந்த வண்டியும் வர வேண்டும்.
இல்லை, பழைய பெயரை அழித்துவிட்டு
இதை எழுதலாம், கால் மணி நேரம்.
வெகுநேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எழுதிரு."

டயரை இறக்கியதோடு வால்வு ஊசியை மாற்றினேன்,
ரப்பர் வளையத்தை மாற்றினேன்,
அளவுச் சாவி 'டக்' என்னும்வரை திருகினேன்.
இதையெல்லாம் அவர் கேட்கவில்லை.

வண்டி நம்புவதற்குக் கொஞ்சம் ஓட வேண்டும்.
செக்போஸ்ட் தாண்டி, அணைக்குத் திரும்பும் இடத்தில்
பின் சீட்டிலிருந்து பினோய்,
"லைட் போயி, சேச்சி."

தேவசிகாமணி கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.
"அங்க எரியுமா?"
"எரியுங்க."
"இன்னுமா?"
"யாராவது எழுதற வரைக்கும்."

பணம் வேண்டாம் என்றேன்.
அழித்தோமே, அந்த எட்டு எழுத்து,
அதை ஒரு காகிதத்தில் தரச் சொன்னார்.
பில் புத்தகத்தில் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.
சட்டைப் பையில் வைக்கவில்லை. டாஷ்போர்டில் வைத்தார்,
மை வெளுத்துப் போகிற வெயிலில்.

அடுத்து நின்றது வெங்காய லாரி, நாசிக்கிலிருந்து.
பதினாலு டயர், ஒன்றுக்கும் பெயரில்லை.
டிரைவர் இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டி
காதைக் கொடுத்துக்கொண்டே போனார்.
பதினொன்றாவதில் நின்று
இன்னொரு முறை தட்டினார்.